என் சுருட்டைக்கு இஸ்திரி வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் நலம், என் தலைமுடி மட்டும் நலமில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

என் சுருட்டை முடியை மிஷினால் நேராக்கிவிடலாமா என்று எங்கள் பார்லர் முதலாளி அம்சா அக்கா கேட்டதற்கு நீயும் சரி என்றாயாமே? என் தலை என்ன யூனிஃபார்மா, இஸ்திரி போட?

போன வாரம் மகாபலிபுரம் பார்க்க வந்த கென்யா மாணவி ஒருத்தி எங்கள் பார்லருக்கு வந்தாள். பெயர் வஞ்சிரு. வஞ்சிரம் மீன் ஞாபகம் வந்ததை நான் வெளியில் சொல்லவில்லை. நீ எனக்குச் செய்கிற மாதிரியே, காய்ந்த தலையில் வேரிலிருந்து சீப்பை இழுத்தேன். சீப்பின் பல் தெறித்தது, அவள் அலறினாள்.

"இன்னாடி பண்ணிக்கினு கீற? தலை வார்றியா, ஏர் ஓட்றியா?" என்றாள் அக்கா.

முடியை நனைத்து, கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து விரலால் சிக்கெடுக்க வேண்டும் என்று வஞ்சிருதான் காட்டினாள். என் தலையிலும் செய்தேன். கொத்தாக உதிர்வது நின்றுவிட்டது. என் முடி வளராத முடி இல்லையம்மா, வளர வளர நாம்தான் உடைத்திருக்கிறோம்!

இதைச் சொன்னால், "கஸ்டமர் முன்னாடி புதராட்டம் நிக்காத" என்கிறாள் அக்கா. எரிச்சலாக வருகிறது. நீ இன்றைக்கே அவளிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

தூக்கத்தில் முடி உரசி உடையாமலிருக்க, தலையணைக்குப் போட பழைய பட்டுத்துணி கொடுத்தனுப்பு. கஸ்டமர் வந்தாயிற்று, முடிக்கிறேன். பின்மண்டைச் சிக்குக்கு என் கை எட்டவில்லை. நான் லீவுக்கு வீட்டுக்கு வரும்போது நீ விரலால் எடுத்துவிடு. எவ்வளவு நேரமானாலும் ஆடாமல் உட்கார்ந்திருப்பேன்.

சிநேகா