சூரன் தலைக்கு இரண்டாம் பூச்சு

10 ஒக்டோபர் 2013, வியாழன்

இன்று லூவ்ர் மியூசியத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன்.

மகள் லக்ஷனாவின் வகுப்புக்குத் துணையாகப் போன பெற்றோரில் நானும் ஒருவன். ரெஸ்ரோறன்ற் குசினியில் லீவு கேட்டு, நல்ல சேர்ட் போட்டுப் போனேன். எகிப்தியர் பகுதியில் தாழ்ந்த கூரையோடு ஓர் இருட்டு அறை, உள்ளே ஒரு தேவனின் சிலை. வாசலில் கால் தானாக நின்றது. சப்பாத்தை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். காலுறையில் ஓட்டை. என் பெருவிரலும் வெளியே வந்து சிலையைப் பார்த்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. லக்ஷனா மட்டும் சுவரில் இருந்த விளக்கத்தை விழுந்து விழுந்து படித்தாள்.

அவளுடைய தோழி ஆவாதான் சப்பாத்தை எடுத்து வந்து தந்தாள். எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடி, மாலி நாட்டுக் குடும்பம். “பள்ளிவாசலில் நாங்களும் கழற்றுவோம், முசியோ” என்றாள்.

நல்ல பிள்ளை.

13 ஒக்டோபர், ஞாயிறு

லக்ஷனா நூலகத்தில் எடுத்து வந்த எகிப்துப் புத்தகத்தைப் புரட்டினேன். புரட்டியிருக்கக் கூடாது.

ஒரு ராசாவின் செருப்பு. கால் வைக்கும் இடத்தில் இரண்டு மனிதரை வரைந்திருக்கிறார்கள், முழங்கைகளைப் பின்னால் சேர்த்துக் கட்டியபடி. ஒருவன் கறுப்பு, மற்றவன் தாடிக்காரன். ராசா நடக்க நடக்க மிதிபடுவதற்காம். அவருடைய கைத்தடியிலும் கட்டுண்ட மனிதன். பிடிக்கிற இடம் அவன் கழுத்து. கோயில் சுவரிலோ ராசா ஒரு கையில் அயல்நாட்டாரின் தலைமயிரைக் கீரைக்கட்டுப் போலப் பிடித்திருக்கிறார், மறுகையில் கதாயுதம். என்ன சனங்களப்பா இது. அதற்கும் பொன் பூச்சு, நுணுக்கமான வேலை. நுணுக்கம் கூடக் கூடக் குமட்டுகிறது.

எகிப்தியர் தங்கள் ஆண்களுக்குப் பூசியது சிவந்த மண் நிறம். தெற்கே இருந்த நூபியருக்குக் கரி நிறம், காதில் வளையம். கிழக்கத்தியாருக்கு மஞ்சளும் தாடியும். மேற்கே லிபியருக்கு வெளிர் நிறம், தலையில் இறகு. நான் எந்தப் பெட்டிக்குள் வருவேன் என்று தேடினேன். கல்யாணத் தரகர் எழுதிய ‘கோதுமை நிறத்தை’ நம்பினால் ராசாவின் ஆள். குசினி லைற்றில் பார்த்தால் செருப்புக்குள்தான்.

வரலாற்று ஆசிரியர் ரொபேர் அன்று மியூசியத்தில் சொன்னது ஞாபகம். நூபியர் எகிப்திலேயே குடியிருந்தார்கள், படையில் இருந்தார்கள், எகிப்தியரோடு கல்யாணமும் செய்தார்களாம். ஆனால் கோயில் சுவருக்கு எதிரி வேண்டும், எதிரிக்கு ஒரே முகம் போதும் என்றார்.

பக்கத்து வீட்டில் இருக்கிறவனை இப்படி வரைய எப்படித்தான் கை வந்ததோ. தூ.

20 ஒக்டோபர், ஞாயிறு

தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை போன் எடுத்தார். நவம்பர் பத்தாம் தேதி சூரன் போர் நாடகம். லக்ஷனா முருகன்.

“சூரன்ரை தலையை நீர் செய்யும்.”

“நான் கீறினா ஆருக்கு அண்ணை விளங்கும்?”

“லா சப்பல் மீன்கடைப் பலகை நீர்தானே கீறினனீர்?”

“சனம் அதைப் பூனை எண்டெல்லே சொல்லுது.”

“பிழையில்லை. சூரனுக்கு அது காணும். கறுப்பாய் அடியும், பிள்ளையள் பயப்பிடவேணும்.”

27 ஒக்டோபர், ஞாயிறு

தலை முடிந்தது. பலூனில் மாப் பசையும் பேப்பரும் ஒட்டிக் காயவைத்தது. நல்ல கறுப்பு. தடித்த சிவந்த உதடு. மயிருக்குச் சட்டி மினுக்கும் கம்பிப் பஞ்சு. காதுக்கு என்ன போடுவது என்று தெரியாமல் அந்தப் புத்தகத்தைத் திறந்து, நூபியனைப் பார்த்து, திரைச்சீலை வளையம் இரண்டைத் தொங்கவிட்டேன். முன்பல்லுக்கு நடுவில் ஓர் இடைவெளி விட்டேன். எங்கிருந்து வந்ததோ, கச்சிதமாக அமைந்தது.

“பாக்கப் பயமாக் கிடக்கப்பா” என்றாள் மனைவி அஜந்தா. உள்ளுக்குள் எனக்குப் பெருமை.

30 ஒக்டோபர், புதன்

லக்ஷனாவைத் தேடி ஆவா வந்தாள். குசினி மேசையில் தலை. சுற்றி வந்து பார்த்தாள்.

“இது நூபியனா, முசியோ?”

வகுப்பில் சரியான விடை சொல்லும் பிள்ளையின் குரல்.

“இல்லை, பிசாசு” என்றேன். அதைவிட நாக்கை அறுத்துக்கொண்டிருக்கலாம்.

அவள் மரியாதைக்குச் சிரித்தாள். முன்பல்லுக்கு நடுவில் இடைவெளி. அவளுடைய தகப்பனுக்கும் அதே இடைவெளிதான். பஸ் ஓட்டும் முசியோ திராவோறே. லிப்ற்றில் கண்டால், வெங்காயம் வெட்டுகிற என்னைப் பார்த்து, “போன்ஜூர், ஷெஃப்” என்று வாய் நிறையச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் கீறி வைச்சிருக்கிறன். கம்பிப் பஞ்சு வைச்சு. சீ, என்ன மனுசன் நான்? எகிப்துக்காரனுக்குத் தூ எண்டு துப்பினவன் எல்லே. அவன் ராசா சொல்லிக் கீறினான். என்ரை கை தானாய்க் கீறியிருக்கு.

31 ஒக்டோபர், வியாழன்

லக்ஷனா பிரெஞ்சில் பொரிந்தாள். அந்தத் தலை மேடைக்கு வந்தால் அவள் வேல் எடுக்கமாட்டாளாம். “ஆவாவையும் வீட்டாரையும் கூப்பிட்டிருக்கிறேன். அவர்களுக்கு முன்னால் நான் அதைக் குத்த வேண்டுமா?”

நூபியனைத்தான் சொல்கிறாள். அந்தத் தலையில் திராவோறேயை அவள் காணவில்லை. இன்னும் ஒருவரும் காணவில்லை.

2 நவம்பர், சனி. தீபாவளி

வேறு நிறம் அடிக்கப் போகிறேன் என்று அண்ணைக்குச் சொன்னேன்.

“ஐசே, உமக்கென்ன விசரே? ஊரிலை எந்தக் காலமும் சூரன் கறுப்புத்தான்.”

“ஊரிலை பாக்கிற நாங்களும் கறுப்பெல்லோ அண்ணை.”

“அப்ப வெள்ளை அடியும். முன்வரிசையிலை நகரசபை வெள்ளைக்கார ஆக்கள் வந்து குந்தியிருப்பினம், நல்லாயிருக்கும்.”

“பச்சை?”

“விஷ்ணு கோவிப்பார்.”

“நீலம்?”

“கிருஷ்ணர்.”

“சிவப்பு?”

“முருகனே சிவப்பு. ஒருத்தரும் கோவிக்காத ஆளைத் தேடிப் பிடியும் பாப்பம்.”

அப்படி ஓர் ஆள் இருக்கிறார். அண்ணையிடம் சொல்லவில்லை.

3 நவம்பர், ஞாயிறு

குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிக் குசினி மேசையில் நிறுத்தினேன். கம்பிப் பஞ்சைப் பிய்த்தேன், வளையத்தைக் கழற்றினேன், பல் இடைவெளியை மாவால் அடைத்தேன். கறுப்புக்கு மேலே என் நிறம். எவ்வளவு கலக்கியும் கோதுமை வரவில்லை. பிறகு வழுக்கை, மீசை, மூக்குக்கண்ணாடி.

லக்ஷனா வந்து பார்த்தாள். “அப்பா, மூக்கு இன்னும் பெருசு” என்று தமிழிலேயே சொன்னாள்.

10 நவம்பர், ஞாயிறு

திரை விலகியதும் மண்டபம் அதிரச் சிரித்தது. பெரிய பையன் கிருஷிகன் என் தலையை மாட்டிக்கொண்டு முழங்குகிறான். “இது வெங்காய அண்ணையெல்லே” என்று பின்னாலிருந்து ஒரு குரல். என் மகள் கொஞ்சமும் இரக்கமில்லாமல் வேலால் கன்னத்தில் குத்தினாள். ஆவா எழுந்து நின்று கைதட்டினாள். ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை என் பக்கம் திரும்பவேயில்லை.

முடிந்த பிறகு பிள்ளைகள் இரண்டு பேரும் தலையைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். திராவோறே வந்து என் கையைப் பிடித்தார்.

“அப்படியே நீங்கள்தான், ஷெஃப். தன்னையே பிசாசாகக் கீறுகிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.”

பல் தெரியச் சிரித்தார். பிறகு தலையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். வேல் குத்திய இடத்தில் என் நிறம் செதிலாக உதிர்ந்து, கீழே கறுப்புத் தெரிந்தது. அதை விரலால் தடவினார்.

“உள்ளே வேறு ஒருவர் இருக்கிறாரோ?” என்றார் விளையாட்டாக.

நானும் சிரித்தேன். நீங்கள்தான் என்று சொல்லவில்லை.