அரைக் கிண்ணக் கஞ்சி

ரந்தாவ் ரப்பர்த் தோட்டம்
1944, தவக்காலம்

என் பிள்ளையின் அப்பாவுக்கு,

ரயில்பாதை போட உங்களைக் கொண்டுபோன சயாமுக்குக் கடிதம் போகாது என்று தோட்டக் கணக்கு எழுதும் கிராணி சொல்லிவிட்டார். ஆனாலும் எழுதுகிறேன்.

நம் ஆம்புரோஸ் இப்போது பசி என்று அழுவதில்லை. கோயிலுக்குப் பின்னால், கல்லறை வேலியோரம் படுத்திருக்கிறான். காய்ச்சல்தான்.

"கடைசி வாய்க் கஞ்சியையும் புள்ளைக்கே ஊட்டுன தாய்லா இவ" என்று பக்கத்து வீட்டுத் தாயம்மா எல்லாரிடமும் சொல்லி அழுகிறாள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

ஊட்டவில்லை. அவனுக்குக் கண் சொருகியிருந்தது. மிச்சமிருந்த அரைக் கிண்ணத்தை நான் குடித்துவிட்டேன். கீழே வைத்தபோது விழித்து, "அம்மா, கஞ்சி" என்றான்.

சப்பான்காரன் வந்ததிலிருந்து நாங்கள் செய்த பாவங்களைச் சொல்ல, பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமியார் வருவதில்லை. நேற்று கோயிலில் அவருடைய வெறும் நாற்காலி முன்னால் முழந்தாளிட்டேன். செய்ததை வாய்விட்டுச் சொல்லத் தேவை இருக்கவில்லை. நான் வாயைத் துடைத்ததைப் பார்த்த ஆண்டவர், அதற்கு முன் மூன்று நாள் நான் பச்சைத் தண்ணீரோடு கிடந்ததையும் பார்த்தவர்தானே. என்னை நல்ல தாய் என்று நினைக்காதவர் அவர் ஒருவர்தான். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

நீங்கள் திரும்பி வந்தால், தாயம்மா சொல்வதை நம்பாதீர்கள்.

இப்படிக்கு,
அந்தக் கிண்ணத்தை இன்னும் கழுவாதவள்