காய்ச்சலுக்குப் பட்டினி

தகனினி, ஓக்லண்ட்
ஓகஸ்ட் 1996

அன்புள்ள மகள் துஷானிக்கு,

ரொறன்ரோவில் நீ சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. பயப்படாதே, அப்பா உயிரோடு இருக்கிறார், கஞ்சி குடித்துவிட்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் கதிரையில் இருக்கிறார். எனக்குத்தான் நெஞ்சுப் படபடப்பு இன்னும் அடங்கவில்லை பிள்ளை.

போன கிழமை அப்பாவுக்குக் காய்ச்சல். அவரைத் தெரியும்தானே, எதற்கெடுத்தாலும் ஓர் இங்கிலீஷ் பழமொழி. சளித் தடிமனுக்குத் தின்னு, காய்ச்சலுக்குப் பட்டினி கிட எண்டு வெள்ளைக்காரன் சும்மாவோ சொன்னவன் என்று இரண்டு நாள் வெறும் தண்ணீரோடு கிடந்தார். லங்கணம் பரம ஔஷதம் என்று எங்கள் ஆட்களும் சொல்வதுதானே, மடைச்சி நானும் விட்டுவிட்டேன். ஆனால் சீனி வருத்தக் குளிசையை மட்டும் மனுசன் தவறாமல் போட்டிருக்கிறார்! வயிற்றில் ஒரு பருக்கை இல்லை, குளிசை மட்டும் போகிறது, இந்த அநியாயத்தை எங்கேயாவது கேட்டிருக்கிறாயா?

சனிக்கிழமை காலை தம்பி ரொஷான் வேலைக்குப் போன பிறகு குசினியில் தொம்மென்று ஒரு சத்தம். ஓடிப்போனால் அப்பா நிலத்தில், அந்தக் குளிரிலும் உடம்பெல்லாம் வியர்வை, என்னை ஆரென்றே தெரியாமல் பிதற்றுகிறார். ஐயோ மாதாவே என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு பிஜிக்காரி பிரேம்வதி ஓடி வந்தாள். அவள் புருசனுக்கும் சீனி வருத்தம். பார்த்தவுடனே சீனி எங்கே என்றாள். சீனி அவருக்கு நஞ்சு என்று போத்தலை ஒளித்து வைக்கிறவள் நான், அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். அவளோ என்னைத் தள்ளிவிட்டு, அவரை நிமிர்த்தி இருத்திச் சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினாள். அவள் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வர முதலே, மாகிரட், ஏனப்பா அழுகிறாய் என்று கேட்டார் உன் அப்பா! பட்டினியோடு குளிசையும் போட்டதில் இரத்தத்தில் சீனி அடியோடு இறங்கிவிட்டது, பிந்தியிருந்தால் ஆள் தப்பியிருக்காது என்று வந்தவர்கள் சொன்னார்கள். அவளைத்தானே நான் கையைப் பிடித்துத் தடுத்தேன்!

இதை உனக்கு எழுதக் கூடாதாம். நோ நியூஸ் இஸ் குட் நியூஸ், பிள்ளையைப் பயப்படுத்தாதை என்கிறார், வெட்கமில்லாத மனுசன். ஈஸ்டருக்குப் பிறகு நீ ஒரு வரி எழுதவில்லை, செய்தி வராவிட்டால் நல்ல செய்திதான் என்று அவர் சொல்லச் சொல்ல நானும் ஓம் ஓம் என்று இருந்தேன். இனி நம்பமாட்டேன். சுகமோ சுகமில்லையோ, இது கிடைத்த அன்றே போன் எடு. காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. மாதா உன்னைத் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இதை எழுதி முடிக்கிறேன், நோ நியூஸ்காரர் ஹீட்டரடியில் இருந்த கதிரையை இழுத்துக்கொண்டுபோய் டெலிபோனுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு இருக்கிறார்.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா மாகிரட்