மேரியக்காவின் கால்

செப்டெம்பர் 9, செவ்வாய்.

செட்டிபாளையத்தில் புது இறால் பண்ணைக்குக் கிட்ட உள்ள வீடுகளில் சுகாதாரக் கணக்கெடுப்பு இன்று முடிந்தது. கடைசி வீடு மேரியக்காவுடையது. வாவிக்குள் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவர்.

"வீட்டில ஆருக்கும் வருத்தம் இருக்கா அக்கா?"

"இல்ல புள்ள."

நோய் இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். எழும்பும்போதுதான் அவருடைய கால் கண்ணில் பட்டது. முழங்கால் வரை சொறிந்து புண்.

"பண்ணைத் தண்ணிய வாவிக்க விட்டதில இருந்து எல்லாருக்கும் இப்பிடித்தான். இதெல்லாம் ஒரு வருத்தமா?" என்று சிரித்தார்.

வாகனம் காத்திருந்தது. நான் படிவத்தைத் திருத்தவில்லை.

இப்போது திருத்தலாம் என்று எடுத்தேன். அவருடையதை மட்டும் திருத்தி என்ன? எல்லா வீட்டிலும் இதைத்தான் கேட்டேன். எல்லோரும் இல்லை என்றார்கள். ஒருவருடைய காலையும் நான் குனிந்து பார்க்கவில்லை.