ஐம்பது கிராம் குண்டு

ஏங்க,

மேசையில் இருக்கிற ஈயக்குண்டை நிறுத்துப் பாருங்க. சரியாக ஐம்பது கிராம்! உங்க அச்சு சின்னது, நாற்பத்தாறுக்கு மேலே வராது. வலைக்குக் கனம் போதாதென்றுதானே மீன்பிடிக்கிற ஸ்டான்லி அண்ணன் நீங்க வார்த்த குண்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்? நீங்க ஈயம் உருக்கிக் கெடுத்த என் குழம்புச் சட்டியிலேயே நானும் உருக்கினேன். அச்சின் இரண்டு பாதிக்கும் நடுவில் ஓரமாகப் பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி வைத்து, குழியைக் கொஞ்சம் பெரிதாக்கி ஊற்றினேன். பிசிறைச் சீவிவிட்டேன்.

கேன்டீன் வேலைக்குப் போகிறேன். அண்ணன் நாலு மணிக்கு வருவார். மீன்குழம்பு புதுச் சட்டியில் இருக்கு. அதைத் தொடக்கூடாது, கேட்டோ.

செல்வி

பி.கு: தொடக்கூடாதென்றது உருக்குவதற்கு. சாப்பிடலாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு.

இன்னொன்று: குண்டு முட்டை மாதிரி வந்திருக்கு. கடலடியில் உருளுமா, கிடக்குமா? அண்ணனிடம் கேளுங்க. மூணு நாளாக மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிற நீங்க, அவர் சொல்கிற இதையாவது வாயைத் திறந்து எனக்குச் சொல்லுங்க.