உருவாகும் முன்பே திருத்தப்பட்ட செயலி

அனுப்புநர்:
ஆரின் பெல்கி,
ஏரிக்கரைச் சாலை, பீவர்மில், வெர்மான்ட்.

பெறுநர்:
நகர எழுத்தர் அவர்கள்,
நகர அலுவலகம், பீவர்மில்.

பொருள்: பனி உடையும் நேரப் போட்டியில் எனக்கு அளித்த முதலிடத்தை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏரிப் பனிமேல் வைத்த சிமென்ட் கல் எப்போது மூழ்கும் என்று ஊரே கணிக்கும் போட்டியில், இவ்வாண்டு என் பக்கத்து வீட்டுக்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர் டெல்ஃபின் திபோ வென்றார். பல்லாண்டுகளாகத் தோற்றே வந்தவர். ஊரே துள்ளிக் குதித்தது. தோற்ற நானும் குதித்தேன்.

1. கல் மூழ்கும் நொடியைக் குறிக்கும் செயலி தீயணைப்பு நிலையத்து விண்டோஸ் கணினியில் உள்ளது. தாங்கள் அதன் கோப்பு விவரங்களைத் திறந்து பார்த்தீர்கள். உருவாக்கிய நாள் இந்த மார்ச்; திருத்திய நாள் போன வருடம். பிறக்கும் முன்பே திருத்தமா, இது தில்லுமுல்லு என்று முடிவு கட்டி, நிலையத்தின் சாவி வைத்திருக்கும் டெல்ஃபினை நீக்கி, இரண்டாமிடத்தில் இருந்த என்னை வெற்றியாளராக்கினீர்கள்.

2. மார்ச்சில் செயலியைப் பென் டிரைவில் கொண்டுபோய் அங்கே போட்டவன் நான். நகல் வந்து சேர்ந்த நாளையே விண்டோஸ் உருவாக்கிய நாளாகக் காட்டும். திருத்திய நாள் பழையபடி நிற்கும். தாங்கள் புழங்கும் ஆப்பிள் மேக் கணினியில் இரண்டும் பழையபடியே வரும். அந்தப் பழக்கத்தில்தான் தங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஒத்திகைக்காக நூலகத்து லினக்ஸ் கணினியிலும் இதைப் போட்டிருந்தோம். அங்கே திருத்திய நாள் மட்டுமே கண்ணில் படுகிறது. மூன்றிலும் பதிப்பு எண்ணும் தயாரித்தவர் பெயரும் ஒன்றுதான்.

3. ஐயம் தீர, தாங்கள் மின்னஞ்சலில் அனுப்பிய நீக்கல் ஆணையையே பென் டிரைவில் எடுத்துப்போய் அதே கணினியில் நகலெடுத்தேன். அதுவும் உருவாகும் முன்பே திருத்தப்பட்டதாகக் காட்டுகிறது, ஐயா. உடனிருந்த தீயணைப்பு வீரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

4. டெல்ஃபின் கோபிக்கவில்லை. “திருட்டுத்தனம் தெரிஞ்சிருந்தா இத்தனை வருஷமா தோத்துக்கிட்டா இருப்பேன், ஆரின்? போ, நீயே வண்டில ஏறி மணி அடி!” என்று கேலிதான் செய்தார். வென்றவர் தீயணைப்பு வண்டிமேல் மணியடித்தபடி ஊர்வலம் போவது வழக்கம். அதற்காக வாங்கிய சிவப்பு மேலங்கியை அவர் மடித்து உள்ளே வைத்ததைப் பார்த்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆகவே தாங்கள் நிலையத்துக்கு வந்து, விரும்பிய கோப்பை நகலெடுத்துப் பார்த்து, சனிக்கிழமை ஊர்வலத்துக்குள் ஆணையைத் திரும்பப் பெற வேண்டுகிறேன். எனக்களித்த வெற்றிப் பட்டையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அந்த மணியைக் கீழே நின்று கைதட்டிக் கேட்கவே ஆசைப்படுகிறேன்.

இடம்: பீவர்மில்
நாள்: மே 20

தங்கள் பணிவுள்ள,
ஆரின் பெல்கி
(இரண்டாமிடம்)