போத்தலில் வளரும் அஜந்தன்

2006 ஒக்டோபர் 8
ரப்பர் பால் வெட்டி வரும்போது மழை. அஜந்தனின் படத்தைத் துடைத்தேன். பொட்டு வைக்கவில்லை. மகன் போய் ஒரு வருசம் தாண்டிவிட்டது, இந்தத் தீபாவளிக்குப் படையல் போடணும் என்கிறார் வீட்டுக்காரர். உசுரோட இருக்கிறவனுக்கு யாராச்சும் படையல் போடுவாங்களா?

ஒக்டோபர் 15
பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது புஷ்பம், "என்னாடி, போத்தலுக்குள்ள புள்ள நடக்குதா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். துணிக்கடை முக்தார் முதலாளியின் மகள் நபீலா டாக்டரம்மா பொய் சொல்ல மாட்டார். அஜந்தனுக்குக் கடைசிவரை பேச்சு வரவில்லை. ஏன் என்று தேடியது அவர் ஒருவர்தான். அவன் இரத்தத்தில் எடுத்த செல்லைக் கொழும்பில் போத்தலில் வைத்து வளர்க்கிறார். அவன் காய்ச்சலில் போன பிறகும், "அது உசிரோடதான் ஈக்கிது அக்கா" என்றாரே.

ஒக்டோபர் 21
தீபாவளி. வீட்டுக்காரர் தன் தாய் தகப்பனுக்கு இலை போட்டார். அஜந்தன் படத்தையும் எடுத்தார். பிடுங்கிக்கொண்டேன். "பசியோட நிக்கிறாண்டி எம்புள்ள. ஒரு வாய் சோறு வைக்க விடமாட்டியா?" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.
பசியோடயா? அங்க அவனுக்கு யாரு ஊட்டுறா?

ஒக்டோபர் 27
டாக்டரம்மா நோன்புப் பெருநாளுக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்து போனேன். சாப்பிடத் தொதல் துண்டு தந்தார். "அவனுக்கு அங்க சாப்பாடு குடுக்கிறீங்களா?" என்று கேட்டேன். பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

நம் உடம்புக்குள்ளே நூல் மாதிரி ஒன்று இறுக்கிச் சுற்றியிருக்குதாம். வேண்டிய இடத்தில் அதைத் தளர்த்திவிட ஒரு புரதம் உண்டாம். அஜந்தனுக்கு அதுதான் பழுது. இப்போது மனுசருக்கு உள்ள அதே புரதத்தை, பழுதில்லாமல், ஏதோ பூச்சியின் செல்லுக்குள்ளே வைத்துச் செய்து, வெளிநாட்டிலிருந்து ஐஸில் அனுப்பியிருக்கிறார்களாம்.

"அவன மாதிரி மத்தப் புள்ளைங்களுக்குக் குடுப்பீங்களா?"

"ஏலாது அக்கா. ஆராய்ச்சிக்கு மட்டுந்தான்."

தலையைக் குனிந்துகொண்டார். "அத வெச்சே ஆராய்ச்சி செய்யலாம், இனி மகன்ட செல் தேவப்படாது. வளக்கிறத வாற வெள்ளிக்கிழம நிப்பாட்டுறோம். ஒங்களுக்குச் சொல்லாமச் செய்ய மனசு வரல்ல."

அந்தப் புதுப் புரதம் யாருடையது என்று கேட்டேன். யாருடையதும் இல்லையாம்.

ஒக்டோபர் 30
ரெண்டாந்தரமும் சாகணுமா அவன்? யார்கிட்ட சொல்ல?

நவம்பர் 3
வெள்ளிக்கிழமை. வேலைக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு அடுப்பு பற்ற வைத்தேன். வீட்டுக்காரர் போய் வாழை இலை அறுத்து வந்தார். புஷ்பம் வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை, சிரிக்கவுமில்லை.

படத்துக்குப் பொட்டை நான்தான் வைத்தேன்.

சோற்றைப் பருப்போடு நன்றாகக் குழைத்து வைத்தேன். அவனுக்கு விழுங்கக் கஷ்டம்.